ஆனைக்கொம்புக்குள் இருந்தது

உங்களில் யாரும் இன்னும் ஒரு விவசாயிக்குத் தப்பான மருந்தைச் சொல்லியிருக்க மாட்டீர்கள். வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதம்தானே ஆகிறது. கவலைப்படாதீர்கள், சொல்வீர்கள். முப்பத்திரண்டு வருடம் வேளாண்மைத் துறையில் வரப்பு வரப்பாக நடந்து ஓய்வு பெற்றவன் சொல்கிறேன்: தப்பே சொல்லாத அலுவலர் என்று ஒருவர் இருந்தால், அவர் வயலுக்கே போகாதவராக இருப்பார்.

புதிதாக வந்திருக்கும் உங்களுக்காக என் அனுபவத்தை எழுதித் தரச் சொன்னார்கள். அனுபவம் என்றால் வாங்கிய பாராட்டைச் சொல்வதுதான் வழக்கம். அதெல்லாம் கண்ணாடிச் சட்டம் போட்டு என் வீட்டுச் சுவரில் மாட்டியிருக்கிறது. வந்தால் பார்க்கலாம், காபியும் கிடைக்கும். இங்கே எழுதப்போவது நான் தலைகுனிந்த கதை. குனிய வைத்தது எள்ளில் பாதிகூட இல்லாத ஒரு பூச்சி.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. மன்னார்குடிக்குத் தெற்கே பதினோரு கிராமங்கள் என் பொறுப்பு. அந்தக் கிராமங்களில் பாதி ஆண்கள் ஊரில் இல்லை. திருப்பூர், சிங்கப்பூர், குவைத் என்று போய்விட்டார்கள். கடைத்தெருவுக்குக் கடைத்தெரு எஸ்.டி.டி. பூத் முளைத்தது, ரோட்டோர வயல்களில் மனைக்கட்டுக் கல் முளைத்தது. வாய்க்காலில் மட்டும் தண்ணீர் நேரத்துக்கு வரவில்லை. அந்த வருடம் கடைமடை ஊர்களில் நடவு ஒரு மாதம் பிந்தியது. ஐப்பசியில் வெயிலைக் காணாமல் மூடாக்கும் தூறலுமாக இருந்தது. பிந்திய நடவும் மூடாக்கும் சேர்ந்தால் என்ன வரும் என்று உங்கள் பாடப் புத்தகத்திலேயே இருக்கிறது. ஆனைக்கொம்பன் வந்தது.

ஆனைக்கொம்பன் ஈயை நீங்கள் பார்த்திருப்பீர்கள், கொசு மாதிரி இருக்கும். அதன் புழு நெற்பயிரின் குருத்துக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். பிறகு அந்தத் தூரில் இலையும் வராது, கதிரும் வராது. வெங்காயத்தாள் போல வெளுத்த குழல் ஒன்றுதான் வரும். அதைத்தான் நம் ஊரில் ஆனைக்கொம்பு என்கிறார்கள். கடைசிக் கிராமத்தில் நான் வயலுக்குக் குறுக்கே நடந்து எண்ணியபோது கணக்கு மருந்தடிக்க வேண்டிய எல்லையைத் தாண்டிவிட்டது. மேலிடத்துக்கு எழுதினேன், உத்தரவு வந்தது, மருந்தும் வந்தது. ஊரைக் கூட்டி, எல்லாரும் ஒரே நாளில் அடித்தால்தான் பலன் என்றேன். அப்படியே அடித்தார்கள். ஊர் முழுக்க என் பேச்சைக் கேட்டதில் எனக்குக் கொஞ்சம் கர்வம்கூட.

ஒரே ஒரு வயல் பாக்கி. அஞ்சலை வயல்.

அஞ்சலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். முப்பது வயது இருக்கும். தலைமுறை தலைமுறையாகப் பிறர் நிலத்தில் நட்டும் களையெடுத்தும் வாழ்ந்த குடும்பம். புருஷன் குவைத்தில் கட்டட வேலை பார்த்தான். அவன் அனுப்பியதைச் சேர்த்து மிராசுதாரர் ஒருவரிடமிருந்து மூன்று மா நிலம் வாங்கியிருந்தார்கள், கிட்டத்தட்ட ஒரு ஏக்கர். அந்தக் குடும்பத்துக்கு முதல் சொந்த நிலம், அதில் முதல் வெள்ளாமை. புருஷனின் அண்ணன் முருகையனுக்கு அது பிடிக்கவில்லை. ரோட்டை ஒட்டிய நிலத்தை மனைக்கட்டாகப் போட்டு விற்க வேண்டும் என்பது அவர் எண்ணம். தம்பிக்குப் போன் போட்டுப் போட்டுப் பாதி மனசை மாற்றியும் விட்டார். வாரம் ஒரு தடவை பூத்துக்கு வரும் போனில் புருஷன் கடைசியாகச் சொன்னது இதுதான்: இந்த வெள்ளாமை வீடு வந்து சேரவில்லை என்றால் அண்ணன் சொல்கிறபடி செய்துவிடலாம்.

இது அத்தனையும் எனக்குத் தெரியும். தெரிந்தும் அவள் வயலுக்கு நான் கோபத்தோடுதான் போனேன். இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். மிராசுதாரர் என்றால் "வாங்க", அஞ்சலை என்றால் "வா". அப்படிப் பேசுகிற ஆளாகத்தான் அப்போது நான் இருந்தேன்.

"ஏம்மா, ஊரே மருந்தடிச்சாச்சு. நீ மட்டும் ஏன் வாங்க வரலை?"

அவள் முழங்கால் சேற்றில் நின்றுகொண்டிருந்தாள். கையில் ஒரு பிடி ஆனைக்கொம்பு. ஒன்றை நகத்தால் நீளவாட்டில் கிழித்து என் முன்னே நீட்டினாள்.

"ஒரு வாரமா இதத்தான் பிரிச்சுப் பிரிச்சுப் பாக்குறேன் சார். களையெடுக்க வந்தவங்கள்ளாம் பிடுங்கி எறிஞ்சாங்க, நா பிரிச்சேன். உள்ள புழு இருக்கு. ஆனா புழு மாதிரி இல்ல. நெளிய மாட்டேங்குது. தோலு மட்டும் இருக்கு, உள்ள மணி மணியா என்னமோ அடைச்சு வச்சாப்ல இருக்கு."

பார்த்தேன். பார்த்தேன் என்று எழுதுகிறேன், கண்ணைக் காட்டினேன் என்பதுதான் சரி. பதினைந்து வருட சர்வீஸ் முடித்தவன், ஆயிரக்கணக்கான ஆனைக்கொம்புகளை எண்ணியவன், ஒன்றைக்கூட நிதானமாகப் பிரித்துப் பார்த்ததில்லை. எண்ணுவதுதானே நம் வேலை.

"அது செத்த புழும்மா. மருந்த அடிச்சு விடு."

"செத்துப் போச்சுன்னா அப்பறம் எதுக்கு சார் மருந்து?"

இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. அன்றைக்கு என் காது சிவந்துவிட்டது. அவள் கேட்டதில் நியாயம் இருந்தது, என்னிடம் பதில் இல்லை. பதில் இல்லாத அலுவலர் என்ன செய்வார்? சத்தம் போடுவார். "நாளைக்கு ஒன் வயல்லேருந்து பூச்சி பரவி ஊரே அழிஞ்சா நீ பொறுப்பா?" என்று உரக்கக் கேட்டேன். பக்கத்து வயலில் முருகையன் நின்றிருந்தார். அவருக்கு அது போதும். சாயங்காலத்துக்குள் ஊர் பேசி முடித்துவிட்டது: அஞ்சலை அடிக்காவிட்டால் நாமே போய் அடிப்போம்.

நான் கிளம்பும்போது அஞ்சலை ஓடிவந்து ஒரு ஊறுகாய் பாட்டிலைக் கொடுத்தாள். உள்ளே பத்து ஆனைக்கொம்பு, வாயில் வேட்டித் துணி கட்டியிருந்தது.

"ஆபீசுல கண்ணாடி வச்சுப் பாக்குறவங்க இருப்பாங்கள்ல சார். ஒரு தடவ பாக்கச் சொல்லுங்க. மூணு நாளு குடுங்க, போதும்."

மூன்று நாள் கொடுக்கும் உத்தேசம் எனக்குச் சத்தியமாக இல்லை. மழை கொடுத்தது. அன்று மாலை பிடித்த மழை இரண்டு நாள் விடவில்லை. மழையில் மருந்தடித்து என்ன பயன்? ஊர் சும்மா இருந்தது. பாட்டில் என் வீட்டு ஜன்னலோரம் கிடந்தது. வாங்கி வைத்ததையே மறந்துவிட்டேன்.

மூன்றாம் நாள் காலை மழை விட்டு வெளிச்சம் வந்தது. சவரம் செய்ய ஜன்னல் பக்கம் போனேன். பாட்டிலின் வெளிச்சம் பட்ட பக்கத்தில் கரிப்பொடி தூவினாற்போல் இருந்தது. ஊறுகாய் பாட்டிலைச் சரியாகக் கழுவவில்லை போலும் என்று விரலால் ஒரு தட்டுத் தட்டினேன்.

கரிப்பொடி பறந்தது.

பையிலிருந்த உருப்பெருக்கியை எடுத்தேன். ஒவ்வொரு புள்ளிக்கும் நாலு சிறகு. ஒவ்வொன்றுக்கும் முழங்கை மாதிரி மடிந்த உணர்கொம்பு. கறுப்புக் குளவிகள். கண்ணுக்கு ஒரு புள்ளி, அதற்குள் முழுசாக ஒரு குளவி. எண்ணிப் பார்த்தேன், இருநூறுக்கு மேல் எண்ண முடியவில்லை. நான் தேடிய ஆனைக்கொம்பன் ஈ அந்தப் பாட்டிலில் இரண்டே இரண்டு இருந்தன.

பத்துக் குழல், பத்துப் புழு. பத்துப் புழுவிலிருந்து எப்படி இத்தனை? துணியைக் கொஞ்சமாகத் தளர்த்தி, உள்ளே இருந்த குழல்களை வெளியே எடுத்தேன். இன்னும் ஓட்டை விழாத ஒன்றைப் பிரித்து, அதற்குள் இருந்த ஒரே ஒரு புழுவை வெள்ளைத் தாளில் வைத்து ஊசியால் தோலைக் கீறினேன். அஞ்சலை சொன்னது போலவே மணி மணியாக, வரிசை வரிசையாக அடைபட்டிருந்தன. சில கால் அசைத்தன. ஒரு புழுவின் தோலுக்குள் ஒரு கூட்டமே பிறக்கக் காத்திருந்தது. எனக்குச் சந்தோஷமா பயமா என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. கோயிலில் திரை விலகும்போது சில பேருக்கு வருமே, அது வந்தது.

அதே சமயத்தில் இன்னொன்றும் தலையில் விழுந்தது. ஊர் முழுக்க என்னத்தை அடிக்கச் சொன்னேன்? குழலுக்குள் இருக்கும் ஈயின் புழுவை மருந்து ஒன்றும் செய்திருக்காது. வெளியே பறந்துகொண்டிருந்தது யார்? இந்தக் குளவிகள்.

பஸ் பிடித்து ஆராய்ச்சி நிலையத்துக்குப் போனேன். பூச்சியியல் பிரிவில் ஒரு அம்மையார் இருந்தார், என்னைவிடப் பத்து வயது மூத்தவர். அதிகம் பேச மாட்டார். பாட்டிலை வாங்கி நுண்ணோக்கியில் வெகுநேரம் பார்த்தார். பிறகு நாற்காலியை நகர்த்தி எனக்கு இடம் விட்டார்.

"இந்தக் குளவி, ஈயோட முட்டையத் தேடிப் போய் அதுக்குள்ள தன் முட்டைய வைக்கும். ஈயோட முட்டையே நம்ம கண்ணுக்குப் படாது. அதுக்குள்ள இது வைக்கிறது ஒரு முட்டை. அந்த ஒண்ணு பிரிஞ்சு பிரிஞ்சு பலதாகும். புழு குருத்துக்குள்ள போயி வளர்ற வரைக்கும் காத்திருக்கும். அப்பறம்தான் தின்னும்."

"ஒரே முட்டையா மேடம்? எப்பப் பிரியணும், எத்தனையாப் பிரியணும்னு அதுக்கு யாரு சொல்றது?"

"தெரியாது. எனக்குத் தெரியாது. படிச்சவரைக்கும் வேற யாருக்கும் முழுசாத் தெரிஞ்ச மாதிரியும் இல்லை."

இவ்வளவு பெரிய படிப்புப் படித்தவர், கூச்சம் இல்லாமல், குரல் மாறாமல் தெரியாது என்று சொன்னதை அன்றைக்குத்தான் நான் கேட்டேன். சொல்லிவிட்டு மறுபடியும் நுண்ணோக்கியில் குனிந்தார். கறுப்புக் கூட்டத்தில் ஒன்று மட்டும் பச்சையாக மின்னியது. அதைத் தனியே எடுத்தார். புத்தகம் மூன்றைப் புரட்டினார், மூடினார்.

"இது எதுன்னு தெரியலை. இதுக்கு யாரும் இன்னும் பேர் வைக்காமக்கூட இருக்கலாம்."

சின்ன அட்டையில் ஊர்ப் பெயரை எழுதினார். பூச்சியின் பெயர் எழுதும் இடத்தில் கேள்விக்குறி போட்டார். "சேகரிச்சது யாரு?" என்று கேட்டார். என் வாய் தானாக என் பெயரைச் சொல்லிவிட்டது. அவரும் எழுதிவிட்டார். அடுத்த மாதம் வெட்கத்தை விட்டுப் போய் அதை அடித்து அஞ்சலை பெயரை எழுத வைத்தேன். அந்த ஒரு மாதத்தை எந்தக் கணக்கில் எழுதுவது என்று எனக்கு இன்றைக்கும் தெரியவில்லை. கேள்விக்குறி நான் ஓய்வு பெறும் வரை மாறவில்லை.

கிளம்பும் முன் நேராகக் கேட்டேன். "அப்ப அந்த வயல்ல மருந்தடிக்க வேணாம்னு சொல்லிடலாமா?"

"பத்துக் குழலை வச்சு ஒரு ஏக்கரை எப்படிச் சொல்றது? குளவி காப்பாத்தும்னு நான் எழுதிக் குடுக்க மாட்டேன். மருந்தடிச்சா குளவி சாகும், அத மட்டும் எழுதித் தர்றேன்."

திரும்பி வரும்போது பஸ்ஸில் எனக்கு இருந்த வேதனை உங்களுக்கு வராமல் இருக்கட்டும். அடி என்று சொன்னால் உத்தரவுப்படி நடந்தவன், என் மேல் குற்றமில்லை. அடிக்காதே என்று சொல்லி வயல் போனால் அஞ்சலைக்கு நிலம் போகும், என் வேலைக்கும் ஆபத்து. அதுவும் போகட்டும். அடிக்காதே என்று சொன்னால், ஏற்கெனவே அடித்த ஊரிடம் என்ன சொல்வது?

ஊரில் இறங்கியபோது மூன்று மணி இருக்கும். அஞ்சலையின் வரப்பில் பத்துப் பதினைந்து பேர். முருகையன் முதுகில் ஸ்பிரேயர், மருந்து கலக்கித் தயாராக இருந்தது. அஞ்சலை வயலுக்குள் இறங்கி அவர்களுக்கு எதிரே நின்றுகொண்டிருந்தாள்.

"வாங்க சார், நீங்களே சொல்லுங்க இவகிட்ட" என்றார் முருகையன்.

செருப்பைக் கழற்றி வைத்தேன். ஏன் கழற்றினேன் என்று தெரியாது. பாட்டிலை அவர் கையில் கொடுத்தேன்.

"நா சொன்னது தப்பு. ஒங்க வயல்ல அடிக்கச் சொன்னதே தப்பு. இங்கயும் அடிச்சிடாதீங்க."

எனக்குத் தெரிந்ததை எல்லாம் சொன்னேன். ஆளுக்கு ஆள் உருப்பெருக்கியை வாங்கிப் பார்த்தார்கள். முருகையன் கடைசியில் பார்த்தார், எல்லாரையும்விட அதிக நேரம் பார்த்தார்.

"அப்ப எங்க வயல்ல இருந்த இதெல்லாம்?"

"கொன்னுட்டோம். நாந்தான் கொல்லச் சொன்னேன்."

அவர் என்னை அடித்திருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன். அடிக்கவில்லை. அஞ்சலையைப் பார்த்துக் கேட்டார், "இந்தப் பொடிய நம்பி நிக்கிறியா? பொய்ச்சுப் போனா என்னா பண்ணுவ?"

நான் குறுக்கிட்டேன். "பொய்க்காதுன்னு என்னால சொல்ல முடியாது. பெரிய படிப்புப் படிச்சவங்களுக்கே சொல்ல முடியலை. முடிவு நீங்கதான் எடுக்கணும்மா."

அஞ்சலை பாட்டிலை வாங்கி வெயிலுக்கு நேரே பிடித்துப் பார்த்தாள்.

"அடிக்க வேணாம் மாமா. வெள்ளாமை போச்சுன்னா நீங்க சொன்னபடி கல்லு ஊனிக்கங்க. நானே கையெழுத்துப் போடுறேன்." சொல்லிவிட்டு வேட்டித் துணியை அவிழ்த்து, பாட்டிலைத் தன் பயிருக்கு மேலே கவிழ்த்தாள். கரிப்பொடி கலைந்து போனது. ஒரு நொடிக்குப் பிறகு ஒன்றையும் காணவில்லை.

அடுத்த ஒரு மாதம் எனக்குச் சோறு இறங்கவில்லை. அலுவலகத்தில் விளக்கம் கேட்டு ஓலை வந்தது, பதில் எழுதினேன். தினமும் சைக்கிளை எடுத்துக்கொண்டு அந்த வயலுக்குப் போய்விடுவேன். போய்ச் செய்ய ஒன்றும் கிடையாது, வரப்பில் நின்று பார்ப்பேன். பச்சைக்கு நடுவே ஒன்றும் தெரியாது. என் காலடியில் பெரிய போரும் பிரசவமும் நடந்துகொண்டிருக்கும், எனக்குத் தெரிவது காற்றில் ஆடும் நெல் மட்டும். எத்தனை வருடம் இப்படியே பார்த்துவிட்டு, வயலைப் பார்த்துவிட்டேன் என்று நோட்டில் எழுதியிருக்கிறேன்!

மருந்தடித்த வயல்களில் புதுத் தூர் வெடித்தபோது ஆனைக்கொம்பும் கூடவே வந்தது. அஞ்சலை வயலில் பழைய சேதம் சேதம்தான், போன தூர் போனதுதான். ஆனால் புதிதாக வெடித்த தூரெல்லாம் இலை விட்டது, தை பிறந்ததும் கதிர் தள்ளியது. அமோக விளைச்சல் என்று சொல்ல மாட்டேன். நல்ல வருடத்தில் வருவதைவிடக் குறைவுதான். ஆனாலும் வீடு வந்து சேர்ந்தது. அந்த வாரம் பூத்துக்கு வந்த போனில் அவள் புருஷன் அழுதான் என்று கேள்விப்பட்டேன். முருகையனுக்குப் பாதிதான் தேறியது. ஒரு வருடம் அவர் என்னோடு பேசவில்லை, அதில் நியாயம் இருந்தது. அடுத்த சம்பாவில் அவரே ஒரு ஊறுகாய் பாட்டிலோடு என் அலுவலகத்துக்கு வந்தார்.

இன்றைக்கு உங்கள் கையில் போன் இருக்கிறது. இலையைப் படம் எடுத்தால் நோயின் பெயரைச் சொல்கிறது. நல்லதுதான், நானும் பேரனிடம் கற்றுக்கொண்டு பார்த்தேன். பெயர் உள்ளதைத்தான் அது சொல்லும். வயலில் இருப்பதில் பெயர் உள்ளது எவ்வளவு, இல்லாதது எவ்வளவு என்று அதற்கும் தெரியாது, நமக்கும் தெரியாது. மருந்துச் சீட்டு எழுதும் முன் ஒரு குழலையாவது பிரித்துப் பாருங்கள். பார்த்தது புரியவில்லை என்றால் சத்தம் போடாதீர்கள். உங்களிடம் நான் கேட்பது இவ்வளவுதான்.

அறுப்பு முடிந்து களம் காய்ந்த பிறகு ஒரு நாள் அந்தப் பக்கம் போனேன். நெல் அறுத்த தாளுக்கு நடுவே அஞ்சலை உளுந்துச் செடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நலம் விசாரித்தேன். நன்றி சொல்வாள் என்று உள்ளுக்குள் ஓர் ஆசை இருந்தது, மறைப்பானேன். அவள் சொல்லவில்லை. வேறொன்று கேட்டாள்.

"சார், இப்ப நெல்லு இல்ல, ஆனைக்கொம்பனும் இல்ல. அடுத்த நடவுக்கு இன்னும் ஆறு மாசம் கெடக்கு. அதுவரைக்கும் அந்தக் குளவி எங்க இருக்கும்?"

வாயைத் திறந்தேன். பதினைந்து வருடப் பழக்கம், ஏதாவது ஒரு பதில் வந்து விழப் பார்த்தது. பிடித்து நிறுத்தினேன்.

"தெரியாதும்மா."

அவள் முகத்தில் ஏளனம் இல்லை, ஏமாற்றமும் இல்லை. பிறகு வரப்போரத்துப் புல் பக்கமாகத் திரும்பி உட்கார்ந்து, ஒரு தண்டை ஒடித்து நகத்தால் நீளவாட்டில் கிழித்தாள்.

"சரி சார், நீங்க கெளம்புங்க. நா பாத்துட்டுச் சொல்றேன்."